ஹெட் சூடும் ஆயில் சூடும்: பழைய ஃபோக்ஸ்வாகன் என்ஜின்களை முன்வைத்து

2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசி பீட்டில் வெளியே வந்தது. அதற்குள் உலகெங்கும் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டிருந்தன. அந்தக் கடைசிக் காரிலும் ரேடியேட்டர் கிடையாது. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் அலுவலகத்தில் ஃபிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் வடிவமைத்த என்ஜினின் நேர் வாரிசுதான் அதன் பின்பக்கத்தில் இருந்தது: நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும், விசிறிக் காற்றால் குளிரும் என்ஜின். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் இருக்கிறது. அங்கே பச்சையும் வெள்ளையும் பூசிய பீட்டில் டாக்ஸிகள் நாள் முழுதும் நெரிசலில் ஊர்ந்தன. பிரேசிலில் கோம்பி வேன் 2005 கடைசி வரை இதே முறையில் ஓடியது. இலங்கையில் இன்றும் பீட்டில்கள் நுவரெலியா ஏற்றத்தில் ஏறுகின்றன.

ஆனாலும் பழைய பீட்டிலோ கோம்பியோ வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முதல் கவலையாகச் சொல்வது சூடுதான். கூடுதல் ஆயில் கூலர், பெரிய ஆயில் தொட்டி, மூடியைத் தூக்கி வைக்கும் கம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். இந்த வைத்தியங்களில் பல, நோய் எங்கே என்று பார்க்காமலே செய்யப்படுபவை. ஆலையிலிருந்து வந்த நிலையில் இந்த என்ஜின் தன் சூட்டைத் தானே சமாளித்தது. ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன பாகங்களும் பின்னால் வந்த ‘மேம்பாடுகளும்’ சேர்ந்துதான் அதைச் சூடேற வைக்கின்றன. எனவே எதையும் புதிதாகச் சேர்ப்பதற்கு முன், இருந்ததைத் திரும்ப வைக்க வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கான காரணங்களைத்தான் இந்தக் கட்டுரையில் தொகுத்துப் பார்க்கிறேன்.

முதலில் சூடு வெளியேறும் வழியைப் பார்ப்போம். பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். எஞ்சியது உலோகத்தில் ஏறும். அந்தச் சூட்டைச் சிலிண்டரிலும் ஹெட்டிலும் இருக்கும் ஃபின்கள் காற்றுக்குக் கொடுக்கின்றன. பிஸ்டன், பேரிங், வால்வு ஸ்பிரிங் போன்ற உள் பாகங்களின் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு கூலருக்குக் கொண்டுபோகிறது. புல்லட் மாதிரி பைக்குகளில் ஓடும்போது எதிரே வரும் காற்றுதான் குளிர்விக்கும். சிக்னலில் நின்றால் அந்தக் காற்றும் நின்றுவிடும். பீட்டிலில் அப்படி இல்லை. நம் ஊர்ப் பழைய பெட்ரோல் ஆட்டோக்களின் என்ஜினைப் போல இதிலும் விசிறி உண்டு, அதைச் சுற்றித் தகரக் கவசமும் உண்டு. டைனமோவின் தண்டிலேயே விசிறி பூட்டியிருப்பதால் வண்டி நின்றாலும் காற்று நிற்காது. ஃபேன் பெல்ட் ஒன்றே டைனமோவையும் விசிறியையும் சுற்றுகிறது. ஆகவே டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்தால் பாட்டரிக்குத்தானே பிரச்சினை, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம்; அறுந்திருந்தால் என்ஜினுக்குக் காற்றே இல்லை. உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

இந்த விஷயத்தில் நடக்கும் விவாதங்களில் பாதிக் குழப்பம், சூட்டை ஒன்றாகவே எண்ணுவதால் வருவது. உண்மையில் இரண்டு சூடுகள் உண்டு. ஹெட்டின் சூடு ஆக்ஸிலேட்டரை மிதித்த சில நொடிகளில் ஏறத் தொடங்கும், காலை எடுத்தால் அதே வேகத்தில் இறங்கும். ஆயிலின் சூடு மெதுவாக நகர்வது. நிலைபெற இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். நீண்ட ஏற்றத்தில் ஆயில் கேஜின் முள் இன்னும் நிம்மதியான இடத்தில் நிற்கும்போதே ஹெட் ஆபத்தான எல்லையைத் தாண்டியிருக்கலாம். ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. 230 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது அதன் வலு தெளிவாகக் குறையத் தொடங்கும். பிளக் துளைக்கும் வால்வு ஸீட்டுக்கும் நடுவே வெடிப்பு விழும், ஸீட் தளரும், கடைசியில் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழும். ஆயில் கூலர் எத்தனை பொருத்தியிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. ஆயிலை மட்டும் பார்த்துக்கொண்டு ஹெட்டை இழந்தவர்கள் பலர்.

வால்வு முறிந்து விழும் கதையில் மூன்றாம் சிலிண்டருக்குத் தனி இடம் உண்டு. வண்டி போகும் திசையை நோக்கி நின்றால் இடது பக்கம் முன்னால் இருப்பது அது. 1970 வரை வந்த என்ஜின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, இடது பக்கச் சிலிண்டர்களுக்கு நேர் மேலே நின்றது. விசிறிக் காற்று முதலில் கூலரின் வழியே போய், அதன் சூட்டையும் ஏந்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் இறங்கும். அதிலும் மூன்றாம் சிலிண்டருக்குத்தான் பாதிப்பு அதிகம். ஆயில் எவ்வளவு சூடானதோ அவ்வளவு சூடான காற்று அதற்குக் கிடைத்தது. ஆலைக்கும் இது தெரியும். சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் ஸ்பார்க் சில டிகிரி தாமதமாக வரும்படி கேம் வெட்டியிருந்தார்கள். இது நோய்க்குப் பணிந்து செய்த ஏற்பாடு. நிஜமான தீர்வு 1971 மாடலோடு வந்தது. கூலரை முன்பக்கமாக நகர்த்தித் தனிக் கூடு வைத்து, அதன் வழியே போன காற்று சிலிண்டர் பக்கமே வராமல் தனிக் குழாயில் வெளியேறும்படி செய்தார்கள். அந்தக் கூடு நாய்க்கூண்டைப் போல் இருப்பதால் ஆங்கிலம் பேசும் மெக்கானிக்குகள் அதை ‘டாக்ஹவுஸ்’ என்கிறார்கள். பழைய என்ஜினுக்கு ஏதாவது ஒன்று மாற்றியே தீர வேண்டும் என்றால் இந்த டாக்ஹவுஸ் அமைப்பைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அதை முழுமையாகப் பொருத்த வேண்டும். கூலரை மட்டும் நகர்த்திவிட்டு வெளியேற்றும் தகரங்களை விட்டுவிட்டால், சூடான காற்று என்ஜின் அறைக்குள்ளேயே திரும்பி வரும்.

இதே தவறுதான் மற்ற தகரங்களிலும் நடக்கிறது. பீட்டிலின் என்ஜின் அறையை மேல், கீழ் என்று இரண்டு உலகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மேலே குளிர்ந்த காற்று. கீழே சைலன்சரும் சூடும். என்ஜினைச் சுற்றிப் பொருந்தும் தகரங்களும், அவற்றின் ஓரத்தில் பாடியோடு ஒட்டும் ரப்பர் பட்டையும்தான் இந்த இரண்டையும் பிரிக்கும் சுவர். ரப்பர் காய்ந்து உதிர்ந்துபோனால், ஒரு சின்னத் தகரம் கழன்று தொலைந்தால், கீழே உள்ள கொதிக்கும் காற்றை விசிறியே மேலே உறிஞ்சிக்கொள்ளும். அதையே மறுபடி ஃபின்கள் மேல் ஊதும். இதை எந்தக் கூலராலும் சரிசெய்ய முடியாது. பிளக் ஒயர்கள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் வாஷர்கள்கூட இந்தச் சுவரின் செங்கற்கள்தான். சிலிண்டர்களுக்கு அடியில், இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே செருகி நிற்கும் மடிப்புத் தகரம் ஒன்று உண்டு. காற்று ஃபின்களைச் சுற்றி அடிப்பக்கம் வரை போகாமல் நழுவிவிடாதபடி அணைத்து வைப்பது அதன் வேலை. என்ஜினைப் பிரித்துக் கட்டும்போது, ‘இது எதற்கு’ என்று எடுத்துப் போடப்படுவது பெரும்பாலும் இதுதான். இது இல்லாத என்ஜின் வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும்.

தகரங்களைக் கழற்றி ஃபின்களையும் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்த இடத்தில் தூசி படிந்து இடைவெளிகளை அடைத்திருக்கும். எலி கூடு கட்டிய விசிறிக் கூடுகளும், துடைத்த துணியை விசிறி உறிஞ்சிக்கொண்ட என்ஜின்களும் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானவை. புதிதாக வாங்கும் ஹெட்டிலேயே வார்ப்பின்போது வழிந்த உலோகம் ஃபின் இடைவெளியை மூடியிருக்கலாம். அரத்தால் அதை அகற்றுவது அரை நாள் வேலை. செலவு எதுவும் இல்லை.

தெர்மோஸ்டாட் பற்றிய சண்டை பழையது. இங்கே தெர்மோஸ்டாட் என்பது வலது சிலிண்டர்களுக்குக் கீழே உள்ள துருத்தி போன்ற ஒரு பித்தளை உறுப்பு. சுற்றியுள்ள காற்று 65 முதல் 70 டிகிரிக்கு வந்தால் அது நீண்டு, கம்பி வழியே காற்றுத் தடுப்புகளைத் திறக்கும். காலையில் என்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக அதை வைத்தார்கள். வெப்ப நாடுகளில் இது வேண்டாம் என்று கழற்றுகிறார்கள். கழற்றினால் காலையில் ஆயில் சூடாவது தாமதமாகும். ஆயிலில் சேரும் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. இது குளிர்ப் பிரதேசத்தில் பெரிய இழப்பு, சென்னை வெயிலிலோ கொழும்பிலோ சிறியது. ஆனால் கழற்றினால் என்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்று சொல்வது தவறு. ஓட்டத்தில் சூடேறிய என்ஜினில் தடுப்புகள் எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். துருத்தி பழுதாகி ஓட்டையானாலும் அது நீண்டு திறந்த நிலையிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். சூட்டுப் பிரச்சினைக்குத் தெர்மோஸ்டாட் குற்றவாளியாக இருக்க வேண்டுமானால் தடுப்பின் கம்பியோ கீலோ துருப்பிடித்துச் சிக்கியிருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும்.

‘பவர் புல்லி’ என்று விற்கப்படும் சின்ன கிராங்க் புல்லியை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் வேண்டாம் என்பேன். கிராங்க் புல்லி சின்னதானால் விசிறி மெதுவாகச் சுழலும். விசிறி தின்னும் சக்தி கொஞ்சம் மிச்சமாகும். பந்தயப் பாதையில் எப்போதும் உச்சச் சுழற்சியில் ஓடும் காருக்கு அது சரி. ஊருக்குள் ஓடும் காருக்கு அது காற்றைத் திருடுவது.

இதுவரை பார்த்தது சூட்டை வெளியேற்றும் பக்கம். சூடு உண்டாகும் பக்கத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடப்பதில்லை. ஆனால் ஹெட்டைக் கொல்வது பெரும்பாலும் அங்கேதான். டைமிங்கை அதிகமாக முன்னே வைத்தால் நாக்கிங் வரும். விசிறி இரைச்சலில் அது காதுக்குக் கேட்காது; ஹெட் சூடேறும், பிஸ்டனின் தலை அரிபடும். பின்னே தள்ளினால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் வால்வும் போர்ட்டும் சூடாகும். சாதாரண 1600 என்ஜினுக்கு 3000 சுற்றுக்கு மேல் மொத்த அட்வான்ஸ் 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இதைக் காதால் கேட்டு வைக்கும் மெக்கானிக்கிடம் விடாமல் டைமிங் லைட்டால் வைப்பது அவசியம்.

கலவை அடுத்தது. பெட்ரோலுக்கு 14.7 மடங்கு எடையுள்ள காற்று என்பது கணக்குக்குச் சரியான கலவை. காற்றில் குளிரும் என்ஜின் பாரம் இழுக்கும்போது அதைவிடப் பெட்ரோல் கூடுதலான கலவையை விரும்புகிறது. கூடுதல் பெட்ரோல் உள்ளே ஆவியாகும்போதே கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும். கலவை மெலிந்தால் ஹெட் நேராகச் சூடாகும். மெலிய வைப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்: இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட், இரட்டை போர்ட் என்ஜின்களில் உள்ள ரப்பர் இணைப்பு, தேய்ந்துபோன கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டு. பெட்ரோலில் எத்தனால் கலப்பது அதிகமாகிவரும் காலம் இது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் அதே அளவு எரிபொருள் போனாலும் கலவை மெலிந்ததாகவே நடந்துகொள்ளும். ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

டேப்பெட் இடைவெளி இந்தப் பட்டியலில் மிகச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கை ஸீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. ஸீட் தேயத் தேய, வால்வு நீள நீள இடைவெளி குறுகும். குறுகினால் வால்வு முழுதாக உட்காராது. சூட்டைக் கொடுக்க வழியில்லாமல் எரியும். பின்னாளைய என்ஜின்களுக்கு என்ஜின் ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் என்பது அளவு. 1969இல் வந்த ஜான் மியூரின் புகழ்பெற்ற கைப்புத்தகம் ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்கு இந்த வேலையைத் தங்கள் கையாலேயே செய்யக் கற்றுக்கொடுத்தது. ஒரே வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே வந்தால், அது நீளத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது முறிவதற்கு முன் என்ஜினைப் பிரித்துவிட வேண்டும்.

இனி ஆயில். இந்த என்ஜினில் இருப்பது இரண்டரை லிட்டர். இன்றைய காரில் நான்கு லிட்டர் சாதாரணம். பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பி வலை மட்டும்தான். எனவே 5,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றுவதை எந்தக் கூலரும் ஈடுசெய்யாது. 80 முதல் 110 டிகிரி வரை ஆயிலுக்கு நல்ல இடம். 120ஐத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் சாதாரண ஆயிலின் படலம் மெலியும். மெக்னீசியக் கலவையாலான கிராங்க் கேஸ் சூட்டில் விரிவதால் பேரிங் இடைவெளிகளும் பெருகும், அழுத்தம் விழும். ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால் இந்த இரண்டும் கூடியிருக்கிறது. அந்த விளக்கு 0.15 முதல் 0.45 பார் வரையிலான மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும். எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு அது தாமதமானது.

ஆயில் சூட்டைத் தனி எண்ணாகப் படிப்பதும் பயன் குறைந்தது. காற்றில் குளிரும் என்ஜினில் வெளிக் காற்று ஒரு டிகிரி ஏறினால் ஆயிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். குளிர்காலக் காலையில் 20 டிகிரி வெயிலில் 90 காட்டும் அதே என்ஜின், சித்திரை மதியத்தில் 40 டிகிரி வெயிலில் 110 காட்டினால் அது நலமாகவே இருக்கிறது. அதே 110 அந்தக் குளிர்காலக் காலையில் வந்தால் ஏதோ கோளாறு. வெளிச் சூட்டைக் கழித்து வரும் வித்தியாசத்தைக் குறித்து வைப்பவர்களுக்குக் கோளாறு முன்னமே தெரிந்துவிடும்.

பெரிய ஆயில் தொட்டி பொருத்துவதைப் பலர் சூட்டுக்கு மருந்தாக நினைக்கிறார்கள். பெரிய பானையில் நீர் கொதிக்க நேரமாகும், கொதிக்காமல் இருந்துவிடாது. தொட்டியும் அப்படித்தான்: உச்சத்தைத் தள்ளிப்போடும், உச்சத்தை அதிகம் குறைக்காது. வேகத்தடைகள் நிறைந்த சாலையில் அது தரையைத் தட்டும் ஆபத்தும் சேரும். வெளியே பொருத்தும் கூடுதல் கூலருக்கு நியாயமான இடம் உண்டு. என்ஜினின் அளவைப் பெருக்கியவர்களுக்கும், வெப்ப நாட்டில் பாரம் ஏற்றிய வேனுக்கும் அது தேவைப்படலாம். அப்போதும் காற்று நிஜமாகப் படும் இடத்தில் வைத்து, சூடான பிறகே ஆயிலை அனுப்பும் தெர்மோஸ்டாட் வால்வையும் சேர்க்க வேண்டும். ஹோஸின் தரத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் அந்த இரண்டரை லிட்டரும் சாலையில் கொட்டிவிடும்.

ஆயிலைக் கொண்டே குளிர்விப்பதை முழு அமைப்பாக யோசித்தவர்கள் போர்ஷே 911இன் பொறியாளர்கள். அதில் தனித் தொட்டியில் பீட்டிலைப் போல மூன்று நான்கு மடங்கு ஆயில் உண்டு. பல மாடல்களில் காரின் முன்பக்கத்திலும் ஒரு கூலர் இருந்தது. அந்தக் காற்று என்ஜின் 1998 வரை நீடித்தது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஹோண்டாவின் அனுபவம் நிற்கிறது. தண்ணீரையும் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது, நேராகக் காற்றையே பயன்படுத்தலாமே என்று நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டா பிடிவாதமாக இருந்தார். 1968 ஜூலை 7 அன்று ருவான் நகருக்கு அருகே நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில், காற்றில் குளிரும் ஆர்ஏ302 பந்தயக் கார் விபத்துக்குள்ளாகி எரிந்து, ஓட்டுநர் ஜோ ஷ்லெஸ்ஸர் இறந்தார். கார் இன்னும் தயாராகவில்லை என்று ஹோண்டா அணியின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அதை ஓட்ட மறுத்திருந்தார். அடுத்த ஆண்டு வந்த ஹோண்டா 1300 காரும் காற்றில் குளிர்ந்தது. 1972இன் சிவிக் தண்ணீருக்கு மாறியது. புகைக் கட்டுப்பாட்டுக்கு என்ஜின் சூடு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். காற்றால் அது கடினம். ஃபோக்ஸ்வாகனின் 1974 கோல்ஃபும் அந்த வழியிலேயே வந்தது.

கோம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பீட்டிலின் அதே என்ஜின்தான் அதிக எடையுள்ள, முகம் தட்டையான வேனை இழுக்கிறது. ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே முக்கிக்கொண்டு போவது ஹெட்டுக்கு மிக மோசமான நிலை: பாரம் உச்சத்தில், விசிறியோ மெதுவாக. மூன்றாவது கியருக்கு இறக்கி, என்ஜின் 3000 சுற்றுக்கு மேல் ஓட, ஆக்ஸிலேட்டரைக் குறைவாக மிதித்தால் ஹெட் கேஜின் முள் கண்முன்னே இறங்கும். சத்தம் அதிகமாக இருப்பதால் என்ஜின் கஷ்டப்படுகிறது என்று பயப்பட வேண்டாம். காற்றும் அதிகமாக வருகிறது. எதிர்க்காற்று வீசும் நாளில் வழக்கமான வேகத்தை விட்டுக்கொடுப்பதும் இதே கணக்குதான்.

அளவிடாமல் இவை எதையும் சரிபார்க்க முடியாது. பளபளப்பான உலோகத்தின் மேல் கைத்துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் வெப்பமானியை நீட்டினால் அது குறைவாகவே காட்டும். ஆயில் சூட்டை டிப்ஸ்டிக்கில் எடுத்தாலும் தொட்டியின் அடியில் எடுத்தாலும் வெவ்வேறு எண் வரும். ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு மாற்றாமல் இருப்பதே முக்கியம். ஹெட் சூட்டுக்குப் பிளக்கின் அடியில் மாட்டும் வளைய சென்சார் போதும். அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் எல்லை இது: சமவெளியில் 150 முதல் 190 டிகிரி வரை கவலையில்லை, 205ஐத் தாண்டி நிலைத்தால் காலை எடுக்க வேண்டும், 230க்கு அருகே போனால் ஓரங்கட்ட வேண்டும். விமான என்ஜின் செய்யும் லைகமிங் நிறுவனம் தன் ஹெட்டுகளுக்கு 260 டிகிரி வரை அனுமதிப்பதைக் காட்டிச் சிலர் வாதாடுவதுண்டு. அவை வேறு கலவையில், வேறு தடிமனில் செய்தவை; அந்த எண்ணை இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்று கடைகளில் கூடுதல் ஆயில் கூலர் கிட்டுக்குக் கேட்கும் பணத்தில் ரப்பர் பட்டைகளும், அடித் தகரங்களும், ஒரு டைமிங் லைட்டும் வாங்கிவிடலாம். முதலில் அவற்றை வாங்குங்கள். ஒரே ஒரு கேஜ்தான் வாங்க முடியுமென்றால் ஹெட் கேஜை வாங்கி, சென்சாரை மூன்றாம் சிலிண்டரில் மாட்டுங்கள்.